புதன்கிழமைப் பிள்ளை

அளத்தங்கரையில் முதன்முதலாகத் திரும்பி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. பதினோரு வருஷத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை அது. காலை ஏழரை மணிக்குப் பால்காரர் மணியடித்துக்கொண்டிருக்கும்போதே தெருவின் மேற்கு முனையில் தொடங்கிக் கிழக்கு முனைவரை பாயை விரித்ததுபோல விரிந்தது. என்றைக்கோ வெட்டிப்போட்ட பூவரச மரம் எழுந்து நின்று நிழல் கொடுத்தது. செத்துப்போன தபால்காரர் சைக்கிளில் வந்து இறங்கி, உயிரோடிருந்த காலத்தில் செய்ததுபோலவே கடிதத்தைக் கொடுக்கும் முன் குடிக்கத் தண்ணீர் கேட்டார். உப்பளத்தில் வேலை பார்க்கும் பேச்சித்தாய் தன் வீட்டு வாசலில் நின்று, பதினோரு வருஷத்துக்கு முன்னால் குடிவெறியில் மாமியாரைத் திட்டிய திட்டு அத்தனையையும் ஒன்று விடாமல் திட்டினாள். மாமியாரும் செத்துப்போனவள்தான். அவளும் வந்து, சளைக்காமல் பதில் சொன்னாள். மதியம் ஒரு மணிக்கு அந்த நாள் வந்த வழியே சுருண்டு போயிற்று. அடுப்பில் வைத்த சோறு தீய்ந்துபோனதுதான் தெருவின் முதல் கவலை. அதன் பிறகே இது என்ன கூத்து என்று கேட்டார்கள். பேச்சித்தாய் குடியை விட்டு அன்றைக்கு ஆயிரமாவது நாள் என்று யாரோ எண்ணிச் சொன்னார்கள். அப்படியானால் வரத்தான் செய்யும் என்று தெரு ஒப்புக்கொண்டு, மறுபடி உலை வைத்தது.

அந்தத் தெருவில் பெண்கள் குடிப்பது வெளியூர்க்காரர்களுக்குத்தான் ஆச்சரியம். கால் விரலிடுக்கெல்லாம் உப்புத் தின்று புண்ணாகி, வெள்ளை வெயிலில் கண் கூசிக் கூசிப் பாதிப் பார்வையோடு வீடு திரும்புகிறவள், ஆண்கள் குடிக்கிற அதே காரணத்துக்காக, அவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் நியாயத்தோடு குடித்தாள். ஆண் குடித்தால் களைப்பு என்பார்கள், பெண் குடித்தால் அவளுக்குப் பெயரே குடிகாரி என்று மாறிவிடும், அவ்வளவுதான் வித்தியாசம். டவுனில் குடியை மறக்கவைக்கும் மறுகரை இல்லம் என்று ஒன்றை நடத்திவந்த ஜெயசீலன் சார், குடியை விட்ட பெண்களையே பிடித்துக் குடிக்கிற பெண்களிடம் அனுப்பினார். டாக்டர் சொன்னால் கேட்காதவள், தன்னைப்போலவே சாக்கடையில் விழுந்து எழுந்தவள் சொன்னால் கேட்பாள் என்பது அவர் கண்டுபிடித்த விஷயம், அதில் தப்பே இல்லை. அந்தப் பெண்களைத் தெரு துணைக்காரிகள் என்று அழைத்தது.

நாட்கள் திரும்பி வரத் தொடங்கியதும் துணைக்காரிகளுக்கு வேலை இரட்டிப்பாயிற்று. குடியில் ஞாபகம் அழிந்துபோன நாட்கள்தான் வந்தன, ஒழுங்கில்லாமல் வந்தன, எத்தனை மணி நேரம் அழிந்ததோ அத்தனை மணி நேரம் தங்கின. அன்றைக்குத் தெருவில் இருந்தவர்கள் எல்லோரும் அதில் அகப்பட்டுக்கொண்டார்கள்: உயிரோடிருப்பவர்கள் இப்போதைய உடம்போடு அப்போது செய்ததைச் செய்தார்கள், வாயும் கையும் அவர்கள் சொன்னபடி கேட்கவில்லை, மனசு மட்டும் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தது, செத்தவர்கள் அப்போதைய உடம்போடே வந்தார்கள், ஊரைவிட்டுப் போனவர்கள் இருந்த இடம் வெற்றிடமாக நடமாடியது. அதனால் துணைக்கு அடுத்த ஊர்க்காரிதான் வரவேண்டும், அகப்படாதவள் அவள்தான். நாள் சுருண்டு போனதும் அவள் குடியை விட்டவளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கருப்பட்டிக் காபி ஒரு டம்ளர் கொடுத்து, ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: "என்ன பாத்தே?" பார்த்ததை வாய்விட்டு, நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டால் அந்த நாள் அடங்கிவிடும். சொல்லாமல் முழுங்கினால் அடுத்த வாரம் அதே கிழமையில் மறுபடியும் வந்து நிற்கும்.

தெரு இதற்கு எவ்வளவு சீக்கிரம் பழகியது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. செத்துப்போன தகப்பனைப் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள், "யக்கா, எங்கய்யா இருந்த கடைசித் தீவாளி ஒங்களுக்கு ஞாவம் இல்லல்லா? நல்லா யோசிச்சுப் பாருங்க" என்று குடியை விட்டவளின் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். ஞாபகம் இருக்கிறது என்று அவள் சொல்லிவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்கள். அவள் குடித்துச் சீரழிந்ததில் தங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லாமல் போய்விட்டதே என்கிற வருத்தம் அவர்களுக்கு.

இந்தத் தெருவிலிருந்து மற்ற ஊர்களுக்குத் துணைக்காரியாகப் போனவள் செந்தூர்க்கனி. ஏழு வருஷமாகத் தொட்டதில்லை. சுற்று வட்டாரத்தில் நாற்பது பெண்கள் அவள் பேச்சைக் கேட்டுக் குடியை விட்டிருந்தார்கள். பேச்சு என்றால் பெரிய பேச்சு ஒன்றும் கிடையாது. கூட்டத்தில் எழுந்து நிற்பாள், புதிதாக வந்தவளின் முகத்தைப் பார்ப்பாள், சொல்வாள்: "எம்பேரு செந்தூர்க்கனி. ஏழு மாசத்துப் பிள்ளை, கதிரேசன்னு பேரு. குடிச்சிட்டு அவன் மேல உருண்டு படுத்துக் கொன்னுட்டேன். எனக்கு அது ஞாவம்கூட இல்ல. பிள்ளையக் கொன்னது ஞாவம் இல்லாத தாயை நீ பாத்திருக்கியா? இந்தா, பாத்துக்கோ." அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லத் தேவைப்பட்டதில்லை.

பிள்ளை செத்துப் பத்தொன்பது வருஷம். அன்று சாயங்காலம் கண் விழித்தபோது பாயில் பக்கத்தில் பிள்ளை விறைத்துக் கிடந்ததும், தன் வாயில் சாராய நாற்றமும், புருஷன் கையை ஓங்கியதும்தான் அவளுக்குத் தெரியும். மீதியைத் தெரு சொன்னது. புருஷன் உப்பு லாரியோடு கேரளாவுக்குப் போய், அங்கேயே ஒரு குடும்பத்தோடு நின்றுவிட்டான். ஐந்து வயது மகள் சண்முகவடிவைப் புருஷனின் அக்கா ராசகனி தூக்கிக்கொண்டு போய் வளர்த்தாள். வடிவு ராசகனியைத்தான் அம்மா என்றாள், பெற்றவளைப் பற்றிப் பேச நேர்ந்தால் "அவிய" என்றாள். வளர்ந்து, கல்யாணமாகி வெளியூர் போய், இப்போது மாசமாக இருந்தாள். செந்தூர்க்கனிக்குச் சொல்லி அனுப்பிய ஒரே சேதி: "பிள்ளை பொறந்தா பாக்கன்னு வந்து நிக்கவேண்டாம்னு அவியகிட்டச் சொல்லிருங்க. அவிய கையில எம்பிள்ளையத் தரமாட்டேன்." நியாயம்தானே என்று செந்தூர்க்கனி சொன்னாள். சொல்லிவிட்டு அன்றைக்கு முழுக்க உப்புப் பாத்தியில் நிமிராமல் வேலை செய்தாள்.

அவளுடைய அழிந்த நாட்கள் ஒவ்வொன்றாக வந்துவிட்டன. ரேஷன் கடை வரிசையில் படுத்துப் புரண்ட நாள் வந்தது, கோயில் கொடையில் கரகாட்டக்காரியோடு சேர்ந்து ஆடிய நாள் வந்தது, முழுப் பொங்கல் ஒன்று வந்து மூன்று நாள் தங்கிவிட்டுப் போனது. எல்லாவற்றையும் சொன்னாள், எல்லாம் அடங்கின. அந்த ஒரு நாள் மட்டும் வரவில்லை. வரும் என்று அவளுக்குத் தெரியும். ஞாபகம் இல்லாத நாள் என்றால் குடித்த நாள் என்பது துணைக்காரிகளின் பாலபாடம், ஒரு நாளும் அவர்கள் அதைச் சந்தேகப்பட்டதில்லை.

சித்திரை மாசம், தார் ரோடு உருகுகிற வெயிலில், ஒரு புதன்கிழமை காலை எட்டு மணிக்கு அளத்தங்கரைத் தெருவில் மட்டும் மழை பெய்தது. கார்த்திகை மழை. தெருவுக்கு அந்தப் பக்கம் அளத்தில் உப்புக் குவியல் பளபளவென்று காய்ந்துகொண்டிருக்க, இந்தப் பக்கம் ஓட்டுக் கூரைகளிலிருந்து தாரை தாரையாக ஊற்றியது. செந்தூர்க்கனியின் இடது கை தானாக வளைந்தது. அந்த வளைவில் பிள்ளையின் கனம் வந்து இறங்கியது. கொதிக்கிற கனம். கதிரேசன் கண்ணை மேலே செருகிக்கொண்டு கிடந்தான், கைகால் வெட்டி வெட்டி இழுத்தது.

தன் வாயில் சாராயம் மணக்கும் என்று அவள் உள்ளுக்குள் காத்திருந்தாள். மணக்கவில்லை. தலை கிறுகிறுத்தது, கண் எரிந்தது, கால் தள்ளாடியது. இரண்டு ராத்திரி தூங்காமல் பிள்ளையைத் தோளில் போட்டு நடந்த தள்ளாட்டம் அது. குடித்த தள்ளாட்டம் எப்படியிருக்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? பிள்ளை வயிற்றில் உண்டான நாளிலிருந்து தான் குடிக்கவே இல்லை என்பது, பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு, மழையில் நனைந்துகொண்டு நடக்கும்போது அவளுக்கு ஞாபகம் வந்தது.

அவள் சேலை முந்தானை பின்னால் இழுபட்டது. ஐந்து வயசுப் பிள்ளை பிடித்துக்கொண்டு வரும் உயரத்தில், யாரும் இல்லாத இடத்தில், துணி சுருங்கி முடிச்சாக நின்று கூடவே வந்தது.

முதல் கதவு மளிகைக் கடை தங்கபாண்டி வீடு. அவரிடம் மொபெட் இருந்தது.

"அண்ணாச்சி, பிள்ளைக்கு ஜன்னி வந்துட்டு. வண்டியில கொண்டுபோயி ஆஸ்பத்திரியில விட்டிருங்க அண்ணாச்சி."

"காலையிலேயே ஏத்திக்கிட்டு வந்துட்டியாக்கும்? கண்ணைப் பாரு, செவசெவன்னு. போளா, போய்ப் படு." சொல்லிக்கொண்டே கதவைச் சாத்தினார். இப்போது அறுபது வயதாகிவிட்ட தங்கபாண்டியின் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது, ஆனால் கை நிற்கவில்லை, தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

இரண்டாவது கதவு கங்காணி ஆறுமுகநயினார் வீடு. அங்கே ஜீப் நின்றது. கங்காணி சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு வாசலுக்கு வந்தார். "ஊது" என்றார். ஊதினாள். "ஒண்ணும் மணக்கலியே" என்றாள் அவருடைய மனைவி, செத்துப்போய் ஆறு வருஷமாகிவிட்ட புண்ணியவதி. "வெத்தலையப் போட்டு மறைச்சிருப்பா. இவளுக தந்திரம் ஒனக்குத் தெரியாது" என்று கங்காணி சொன்னார். கதவைச் சாத்தினார். மூன்றாவது கதவு ராசகனி. "மதினி, தம்பி மகனப் பாருங்க மதினி" என்று செந்தூர்க்கனி பிள்ளையை நீட்டினாள். ராசகனி பிள்ளையைப் பார்க்காமல் இவள் காலைப் பார்த்தாள். "நிக்க முடியல ஒனக்கு. வெறும் சளியப் போயி ஜன்னிங்கே. எம்பிள்ளைகளுக்கும் ஒட்டிரும், வாசல்ல நிக்காத."

செந்தூர்க்கனி மெயின் ரோட்டை நோக்கி நடந்தாள். கூடவே நடந்து வந்தவள் பக்கத்து மீனவர் ஊரின் சிலுவையம்மாள், முதன்முதலில் துணைக்காரியானவள், விஷயம் கேள்விப்பட்டு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியிருந்தாள். பிரயோஜனமில்லை என்று தெரிந்தும் இவள் தலைக்குமேல் குடையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஓடைப் பாலத்துக்குப் பக்கத்தில் வராத பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது, பன்னிரண்டே முக்கால் மணிக்கு, கையில் இருந்த கொதிப்பு நின்றது. அந்த நேரத்தில்கூட செந்தூர்க்கனியால் குனிந்து பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்றைக்கு அவள் பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், அதனால் இன்றைக்கும் ரோட்டைத்தான் பார்க்க முடிந்தது. காலையிலிருந்தே அப்படித்தான். அன்று முழுக்க அவள் பிள்ளையைப் பார்த்தது குறைவு, கதவுகளைப் பார்த்ததுதான் அதிகம்.

திரும்பி வந்தவளை ராசகனிதான் பிடித்து உட்கார வைத்தாள். தன் வீட்டுப் பானைக்குப் பின்னால் இருந்த பாட்டிலை எடுத்து டம்ளரில் ஊற்றி, "அழுகையே வரலியே ஒனக்கு, குடிளா, குடிச்சாத்தான் வரும்" என்று வாயில் வைத்து ஊட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று டம்ளர். ஒன்றரை வருஷம் தொடாத உடம்பில் அது காலையிலிருந்து நடந்ததையும் சேர்த்து அழித்தது. பிறகு பாய், பிறகு இருட்டு, பிறகு இல்லாத ஒருவனின் கை எங்கிருந்தோ வந்து அவள் கன்னத்தில் விழுந்தது. ஐந்து மணிக்கு நாள் சுருண்டது, மழை நின்றது, கை காலியாயிற்று.

சிலுவையம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். தெருவே கூடி நின்றது, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல். "என்ன பாத்தே, பிள்ளா?" என்று சிலுவையம்மாள் கேட்டாள். கூட்டத்தின் முன்னால் ராசகனி நின்றுகொண்டிருந்தாள். கையைக் கூப்பவில்லை, கூப்புகிற மாதிரி சேலையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தாள். வடிவுக்கு இது தெரிந்தால் ராசகனிக்கு மகள் இல்லை. செந்தூர்க்கனி எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். சொன்னால் நாள் அடங்கிவிடும். அடங்கினால் பிள்ளை வரமாட்டான்.

"ஒண்ணும் பாக்கலக்கா" என்றாள்.

ராசகனி அழுதாள். நல்ல மனசு உனக்கு என்றார்கள் தெருக்காரர்கள். ஜெயசீலன் சார் கேள்விப்பட்டு வந்து, தயங்கித் தயங்கி, "திரும்பி வர்ற நாளெல்லாம் அப்படியே நடந்ததுதான்னு நாம எப்படிச் சொல்ல முடியும்மா? நீங்க சொல்லுற கதையாலதானே நாப்பது பேர் விட்டிருக்காங்க" என்று சொல்லிப் பார்த்தார். அதற்குமுன் எந்த நாளையும் யாரும் சந்தேகப்பட்டது கிடையாது. செந்தூர்க்கனி யாரோடும் வாதாடவில்லை. கூட்டத்தில் பழைய கதையையே சொன்னாள். தன்னைக் கொலைகாரி என்று அவள் சொல்லச் சொல்லத் தெருவுக்கு நிம்மதியாக இருந்தது.

அடுத்த புதன் எட்டு மணிக்கு மழை வந்தது, பிள்ளை வந்தான், கதவுகள் சாத்தப்பட்டன. அதற்கடுத்த புதனும் வந்தது. மூன்றாவது புதனில் யாரோ ஒரு புத்திசாலி, முந்தின நாளே முற்றத்தில் அண்டாவைக் கழுவி வைத்திருந்தாள். நாள் சுருண்ட பிறகும் மழைத்தண்ணீர் அண்டாவில் அப்படியே இருந்தது, குடித்துப் பார்த்தால் இளநீர் மாதிரி. அளத்தங்கரையில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான், குடிதண்ணீர் லாரி பத்து நாளைக்கு ஒருமுறை வந்தால் அதிகம். நாலாவது புதனுக்குத் தெரு முழுக்கக் குடமும் வாளியும் தவலையும் வரிசை கட்டி நின்றன. கதவைச் சாத்த வெட்கப்பட்டவர்கள் மட்டும் ஒரு காரியம் செய்தார்கள்: புதன் விடியுமுன் குடங்களை வாசலில் வைத்துவிட்டு வெளியூர் போனார்கள். தங்கபாண்டி திருச்செந்தூர் போனார், கங்காணி மகள் வீட்டுக்குப் போனார். அவர்கள் இருந்த இடத்தில் வெற்றிடம் நின்று கதவைச் சாத்தியது. சாயங்காலம் வந்து தண்ணீரை மட்டும் உள்ளே எடுத்து வைத்துக்கொண்டார்கள். தண்ணீர் நல்ல தண்ணீர், சோறு பூப்போல வேகிறது என்று பேசிக்கொண்டார்கள்.

செந்தூர்க்கனிக்கோ வாரத்தில் ஒரு நாள்தான் இருந்தது. மற்ற ஆறும் புதனுக்குக் காத்திருக்கிற நாட்கள். திங்கட்கிழமையே கை பரபரக்கும், செவ்வாய்க்கிழமை சோறு இறங்காது. புதன் காலையில் அந்தக் கனம் கையில் இறங்கும்போது உடம்பு முழுக்க ஒரு சூடு பரவும், ஆகா என்றிருக்கும். பன்னிரண்டே முக்கால்வரை அப்படி. அதற்குப் பிறகு நடப்பதையெல்லாம், வியாழக்கிழமை காலைக்குள், அடுத்த புதனுக்காக மன்னித்துவிடுவாள். துணைக்குப் போகவேண்டிய வீடுகளுக்குப் போவது குறைந்தது. கோவங்காட்டிலிருந்து ஒருத்தி மூன்று முறை ஆள் அனுப்பினாள், புதன்கிழமையாகப் போய்விட்டது, போகவில்லை. அவள் மறுபடி குடிக்கத் தொடங்கிவிட்டாள் என்று பிறகு தெரிந்தது.

ஒன்பதாவது புதன் முடிந்ததும் சிலுவையம்மாள் காபி டம்ளரை நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னாள்: "நீ மறுபடி ஆரம்பிச்சிட்டே, செந்தூரு."

"நான் தொட்டே ஏழு வருசமாச்சு. வேணும்னா ஊதுதேன், மோந்து பாருங்க."

"மோந்து பாக்க என்ன இருக்கு? ஒன் மூஞ்சிதான் சொல்லுதே. எம்மூஞ்சியும் ஒரு காலத்துல இப்படித்தான் இருந்துச்சு. ஒம்மக கிட்ட நடந்ததைச் சொல்லணும்னு ஒனக்குத் தோணவே இல்லியா?"

"சொல்லுதேன். இந்த மாசம் போகட்டும், சொல்லிருதேன்" என்றாள் செந்தூர்க்கனி.

வடிவு பிரசவத்துக்கு ராசகனி வீட்டுக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். மறுநாள் விடியற்காலை அவளைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடவேண்டும், இருட்டின பிறகு திரும்பவேண்டும் என்பது ராசகனியின் திட்டம். கால் வீங்கியிருந்த வடிவு எழுந்து குளித்துக் கிளம்பவே ஏழே முக்கால் ஆயிற்று. பஸ் வரவில்லை. எட்டு மணிக்கு மழை வந்தது.

வடிவின் கால்கள் அவளைக் கேட்காமல் திரும்பின. ஒன்பது மாசத்து வயிற்றைத் தள்ளிக்கொண்டு, அவள் பத்தொன்பது வருஷமாக ஏறாத வீட்டுப் படியில் ஏறி, பெற்றவளின் சேலை முந்தானையைக் கைக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். பத்து வாரமாக வெறும் இடம் பிடித்துக்கொண்டிருந்த துணியில் அன்றைக்கு ஓர் ஆளின் கனம் இருந்தது. செந்தூர்க்கனியால் திரும்பிப் பார்க்க முடியவில்லை, அன்றைக்கு அவள் திரும்பிப் பார்த்திருக்கவில்லை.

வடிவு எல்லாவற்றையும் பார்த்தாள். தங்கபாண்டியின் கதவைப் பார்த்தாள், கங்காணி வீட்டு வாசலில் தாய் வாயை ஊதிக் காட்டியதைப் பார்த்தாள், தான் அம்மா என்று கூப்பிட்டு வளர்ந்தவள் "வாசல்ல நிக்காத" என்று சொன்னதைப் பார்த்தாள். பாலத்தடியில் தம்பியின் கால் தொங்கியதைப் பார்த்தாள். டம்ளரைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள், அதை ஊற்றிய கையைப் பார்த்தாள். ஐந்து வயதில் பார்த்தது எல்லாமே. தெரு சொன்ன கதைக்குக் கீழே அது புதைந்து கிடந்திருக்கிறது.

ஐந்து மணிக்கு மழை நின்றது. உடம்பு அவளவளுக்குத் திரும்பிய பிறகும் வடிவு முந்தானையை விடவில்லை. சொட்டச் சொட்ட நின்றாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"நீ குடிக்கலியே" என்றாள். "நீ குடிக்கவே இல்லியே."

ராசகனி வீட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். வெளியூர் போய்த் திரும்பியவர்கள் குடங்களுக்குப் பக்கத்தில் நின்றார்கள். சிலுவையம்மாள் வந்து செந்தூர்க்கனியின் மணிக்கட்டைப் பிடித்தாள். "ஒம்மக நிக்கா. ஒம்பேரன் வயித்துக்குள்ள நிக்கான். இப்பவாவது சொல்லு. என்ன பாத்தே?"

செந்தூர்க்கனி மகளைப் பார்த்தாள். மகளின் கையைப் பார்த்தாள். பிறகு தன் இடது கையின் வளைவைப் பார்த்தாள், அங்கே இன்னும் வெதுவெதுப்பு இருந்தது. வாயைத் திறந்தாள்.

"யக்கா, இன்னும் ஒரே ஒரு தடவை. அடுத்த புதன் மட்டும். அதுக்கப்புறம் சத்தியமா விட்டுருதேன்."

அந்த வாக்கியத்தை அளத்தங்கரையில் அறியாத காது கிடையாது. ஒவ்வொரு வீட்டிலும், ஒவ்வொரு தலைமுறையிலும், யாரோ ஒருத்தர் அதே குரலில், அதே முகத்தோடு சொல்லியிருக்கிறார்கள். குடிக்காத தாய் என்று சற்று முன்புதான் தெரிந்துகொண்ட மகளும் அந்தக் குரலை அடையாளம் கண்டுகொண்டாள். சுருட்டிப் பிடித்திருந்த கை மெல்ல விரிந்தது.

முந்தானை கீழே விழுந்தது. பத்தொன்பது வருஷம் அந்தத் துணியை யாரும் பிடித்திருக்கவில்லை, பத்து வாரமாக வெறும் காற்று பிடித்திருந்தது, ஒரே ஒரு நாள் மகள் பிடித்திருந்தாள். பின்னால் இருந்த கனம் போனதும் செந்தூர்க்கனிக்கு நிற்கத் தெரியவில்லை. தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்து, யார் முகத்தையும் பார்க்காமல், சொல்லத் தொடங்கினாள்.

"காலையில எந்திரிக்கும்போது பிள்ளைக்கு நெருப்பா சுட்டுது. நான் குடிக்கல. ரெண்டு நாளாத் தூங்கல. தங்கபாண்டி அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன்..."

ஒவ்வொரு கதவாகச் சொன்னாள். யார் என்ன சொன்னார்கள், எந்தக் கையால் தாழ்ப்பாள் போட்டார்கள் என்று சொன்னாள். கொதிப்பு நின்ற நேரத்தை இரண்டு தடவை சொன்னாள். சொல்லச் சொல்ல இடது கையின் வெதுவெதுப்பு அடங்கிக்கொண்டே போனது. முடித்தபோது அது வெறும் கை. விளக்கு வைக்கிற நேரம் ஆகியிருந்தது. மன்னித்துக்கொள் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. தங்கபாண்டி தன் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

"இன்னைக்கு ஒண்ணு" என்றாள் சிலுவையம்மாள், காபியை நீட்டி. "மறுபடி முதல்லேருந்து எண்ணு."

அடுத்த புதன், வெறும் புதனாக வந்தது. எட்டு மணிக்கு வெயில் அடித்தது. வரிசையாக வைத்திருந்த குடங்கள் மதியம்வரை காய்ந்தன, பிறகு ஒவ்வொருத்தியாக வந்து எடுத்துக்கொண்டு போனாள். கோடை முடிகிறவரையாவது பொறுத்திருக்கலாம், ஊருக்கு உதவுகிற ஒன்றை இப்படிக் கெடுத்துக்கொண்டாளே என்று குழாயடியில் பேச்சு நடந்தது. அது செந்தூர்க்கனியின் காதிலும் விழுந்தது. அவள் கோவங்காட்டுக்குப் போகிற வழியில் இருந்தாள், நிற்கவில்லை.

வடிவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அவள் ராசகனி வீட்டிலேயே இருந்தாள், ராசகனியை இன்னும் அம்மா என்றுதான் கூப்பிட்டாள். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை, வாய் அப்படிப் பழகிவிட்டது. செந்தூர்க்கனி அந்த வாசலுக்குப் போகவில்லை. முப்பது நாள் கழிந்து, ஒரு சனிக்கிழமை சாயங்காலம், அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது வடிவு பிள்ளையோடு வந்து படியில் நின்றாள். செந்தூர்க்கனி முறத்தைக் கீழே வைத்தாள்.

வடிவு குனிந்து, பழஞ்சேலைத் துணியில் சுற்றியிருந்த பிள்ளையை அவள் இடது கையில் வைத்தாள். துணியின் ஒரு நுனியை மட்டும் விடவில்லை, கைக்குள் சுருட்டிப் பிடித்தபடியே நின்றாள். பயத்தில் பிடித்திருக்கிறாளா, ஐந்து வயதுப் பழக்கத்தில் பிடித்திருக்கிறாளா என்று செந்தூர்க்கனி கேட்கவில்லை. நிமிர்ந்தால் எதிரில் தங்கபாண்டி வீட்டுக் கதவும் அதற்கடுத்த கதவும் தெரியும். அவள் நிமிரவில்லை. குழந்தையின் முகத்தைப் பார்த்தாள், இருட்டுகிறவரை பார்த்துக்கொண்டேயிருந்தாள்.